மக்காச்சோளச் சிரப்பு, மரபணு மாற்றுப் பயிர், கம்பெனி அரசியல்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் இனிப்புச் சிரப்பு உடம்பைக் கெடுக்கும் என்று அமெரிக்க டாக்டர்கள் பேசும் வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து மக்காச்சோளத்துக்குக் கெட்ட பேர். உடுமலை, குடிமங்கலம் பக்கம் அதையே போட்டுப் பிழைக்கிறவர்களும் கேட்கிறார்கள், கோயம்புத்தூர் மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை, கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காக்காரன் பயத்தை நாம் இரவல் வாங்கிக்கொண்டு, நம் வாசலில் நடப்பதைக் கவனிக்காமல் விடுகிறோம்.

நம்ம காட்டுல விளையற மக்காச்சோளத்துல இருந்துதான் அந்தச் சிரப்பு எடுக்கறாங்களா?

பெரும்பாலும் இல்லை. நம் பக்கத்து மக்காச்சோளம் முக்கியமாகக் கோழிக்குத்தான் போகிறது. பல்லடம் சுற்றுவட்டாரத்தில் கறிக்கோழி, நாமக்கல்லில் முட்டைக்கோழி. களத்தில் காயவைத்த மணியை வியாபாரி ஒன்றிரண்டு எடுத்துக் கடித்துப் பார்ப்பார், அப்புறம் ஈரப்பத மீட்டரில் போடுவார், 14க்கு மேலே காட்டினால் விலையைக் குறைத்துப் பேசுவார். அந்த மூட்டை அடுத்து இறங்குகிற இடம் தீவன மில். கொஞ்சம் ஸ்டார்ச் ஆலைக்கும், சமீப காலமாக எத்தனால் ஆலைக்கும் போகிறது.

ஸ்டார்ச் ஆலையில் லிக்விட் குளுக்கோஸ் தயாரிக்கிறார்கள். மிட்டாய், பிஸ்கட், ஐஸ்கிரீம், இருமல் மருந்து எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் வீடியோவில் திட்டுவாங்குவது அது இல்லை, அதற்கு அடுத்த படியில் வரும் உயர் ஃபிரக்டோஸ் சிரப்பு. மக்காச்சோளத்தை ஊறவைத்து அரைத்து, முளையிலிருந்து எண்ணெய், புரதம், தோல் எல்லாம் பிரித்தபின் மிஞ்சுவது மாவுச்சத்து. நொதிகளைச் சேர்த்தால் அது குளுக்கோஸ் ஆகிறது. இன்னொரு நொதியில் ஓட்டினால் அந்தக் குளுக்கோஸில் ஒரு பங்கு ஃபிரக்டோஸாக மாறுகிறது. ஃபிரக்டோஸுக்கு இனிப்பு அதிகம். 42 சதவீதம் ஃபிரக்டோஸ் உள்ளது ஒரு ரகம், 55 சதவீதம் உள்ளது இன்னொரு ரகம். அமெரிக்கக் குளிர்பானங்களில் போவது 55.

இதை மக்காச்சோளத்தில்தான் செய்யவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எந்த மாவுச்சத்திலும் செய்யலாம். சேலம், நாமக்கல் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவிலும் லிக்விட் குளுக்கோஸ் எடுக்கலாம்.

ஜவ்வரிசியில மக்காச்சோள மாவு கலக்கறாங்கன்னு சொல்றாங்களே?

சேலத்தில் பல வருடமாக நடக்கிற சண்டை இது. மக்காச்சோள ஸ்டார்ச் விலை குறையும்போது கலப்படம் தலைதூக்கும், குச்சிக்கிழங்கு விவசாயி கொதிப்பார், உணவுப் பாதுகாப்புத் துறை ஆலைகளில் சோதனை போடும். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கலந்த மாவால் உடம்புக்கு விஷமில்லை. ஆனால் கிழங்கு போட்டவன் வயிற்றில் அடிக்கிற வேலை அது.

நம்மூரு கூல்டிரிங்ஸ்ல அந்தச் சிரப்பு இருக்குதா?

இங்கே போடுவது கரும்புச் சர்க்கரை. இந்தியாவில் கரும்புக்குப் பஞ்சமில்லை, சர்க்கரை மலிவு, சிரப்புக்கு மாறக் காரணமே இல்லை.

"அப்பாடா" என்று விட்டுவிட வேண்டாம். சாதாரண கோலா 100 மில்லியில் பத்தரை கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். 300 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் 32 கிராம் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் குடித்த காப்பி, டீ கணக்கு தனி.

அஸ்காவை விட அந்தச் சிரப்பு கெடுதலா?

அஸ்கா என்று நாம் சொல்லும் வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். சிரப்பில் 45க்கு 55. வித்தியாசம் அவ்வளவுதான். ஃபிரக்டோஸை உடைக்கும் வேலை பெரும்பாலும் ஈரல் தலையில் விழுகிறது, அளவு மீறினால் ஈரலில் கொழுப்பு சேர்கிறது. இது இரண்டுக்குமே பொருந்தும். சிரப்பைத் திட்டிவிட்டு, "நாங்கள் சுத்தமான கரும்புச் சர்க்கரை" என்று விளம்பரம் போடும் கம்பெனிகள் இருக்கின்றன. அதை நம்பி இரண்டு பாட்டில் அதிகமாகக் குடித்தால் ஈரலுக்கு அந்த விளம்பரம் தெரியாது.

அப்ப அமெரிக்காவுல மட்டும் ஏன் அதையே புடிச்சுக்கிட்டாங்க?

ருசிக்காக இல்லை, விலைக்காக. அந்த விலை சந்தையில் தானாக உண்டானதும் இல்லை.

1970களில் அமெரிக்க அரசு மக்காச்சோளத்தை எவ்வளவு விளைவிக்க முடியுமோ அவ்வளவு விளைவி என்று மானியம் கொடுத்து ஊக்கியது. குவிந்தது. இன்னொரு பக்கம், 1982இல் வெளிநாட்டுச் சர்க்கரை இறக்குமதிக்குக் கோட்டா போட்டார்கள். உலகச் சந்தையைவிட அமெரிக்காவுக்குள் சர்க்கரை விலை ஏறி நின்றது. சர்க்கரை ஏறினால் சிரப்புக்குக் கொண்டாட்டம். அதனால்தான் கரும்பே போடாத ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லேண்ட் என்ற சிரப்புக் கம்பெனி, சர்க்கரைக் கோட்டா நீடிக்கவேண்டும் என்று வாஷிங்டனில் நின்றது. 1984இல் கோக்கும் பெப்சியும் அமெரிக்காவில் முழுக்கச் சிரப்புக்கு மாறிவிட்டன.

அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த டுவேன் ஆண்ட்ரியாஸ் இரண்டு கட்சிக்கும் கைநிறையக் கொடுத்தவர். 1972இல் அதிபர் நிக்சனின் தேர்தல் நிதிக்கு அவர் கொடுத்த 25,000 டாலர் காசோலை, எதிர்க்கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து பிடிபட்டவர்களில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் போய்க் கிடந்தது.

கோழிக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. தீவனத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் சேர்க்கிறோமே, அது மக்காச்சோளச் சர்க்கரையைப் புளிக்கவைத்தும் எடுக்கிற சரக்குதான். லைசின் விலையையும் சிட்ரிக் அமிலம் விலையையும் போட்டியாளர்களோடு ரகசியமாகப் பேசி ஏற்றியதாக 1996இல் அதே கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் அபராதம் கட்டியது.

சிரப்புக்குக் கெட்ட பேர் வந்தபின் 2010இல் அமெரிக்க மக்காச்சோள ஆலைகள் சங்கம், லேபிளில் "மக்காச்சோளச் சர்க்கரை" என்று போட்டுக்கொள்கிறோம் என்று அரசிடம் மனுப் போட்டது. 2012இல் மனு தள்ளுபடி. சர்க்கரை என்றால் கட்டியாக, காய்ந்து இருக்கவேண்டும், இது திரவம் என்று சொல்லிவிட்டார்கள்.

பாக்கெட்டுல எந்தப் பேருல ஒளிஞ்சிருக்கும்?

பத்து ரூபாய் கிரீம் பிஸ்கட் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து கடுகை விடச் சிறியது, கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிப்பது சுலபம். மைதா, சர்க்கரை, பாமாயில், அப்புறம் இன்வர்ட் சிரப், சிலதில் லிக்விட் குளுக்கோஸ், சிலதில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ். எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. சர்க்கரையை நான்கு பேராகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் வரிசையில் பின்னால் போய்விடும். ஆகவே பட்டியலை விட்டுவிட்டு, ஊட்டச்சத்துக் கட்டத்தில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 100 கிராமுக்கா, இல்லை இரண்டு பிஸ்கட்டுக்கா என்பதையும் பாருங்கள்.

இன்வர்ட் சிரப் என்பது பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையையே உடைத்தது, மக்காச்சோளம் இல்லை.

தேனில்தான் உஷாராக இருக்கவேண்டும். டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுகளைச் சோதித்ததில், எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று. வழக்கமான சோதனையில் மாட்டாத மாதிரி தயாரித்த சர்க்கரைப் பாகு கலந்திருந்ததாக அவர்கள் சொன்னார்கள்.

அப்ப நாட்டுச்சர்க்கரைக்கு மாறிக்கலாமா?

கவுந்தப்பாடி ஏலத்தில் பழனி கோயிலே பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறது, சரக்கு நல்ல சரக்கு. ருசிக்கு மாறுங்கள். ஆனால் அதுவும் சர்க்கரைதான், சர்க்கரை நோய்க்காரருக்குச் சலுகை கிடையாது. பளிச்சென்று மஞ்சளாக இருந்தால் ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போட்டிருப்பார்கள். அஸ்காவை வாங்கிப் பாகில் கொட்டிக் காய்ச்சுகிற ஆலைகளும் உண்டு.

கம்பெனி விதைன்னாலே மரபணு மாத்துனதுதானுங்களே?

இல்லைங்க. இந்தக் குழப்பம்தான் எல்லாவற்றையும் விடப் பெரியது.

நாம் போடும் மக்காச்சோளம் வீரிய ஒட்டு ரகம். இரண்டு தாய் தகப்பன் ரகங்களை வயலில் வைத்து, ஒன்றின் ஆண் பூவை ஒடித்துவிட்டு, இன்னொன்றின் மகரந்தம் விழச் செய்து எடுக்கிற விதை. மறு போகத்துக்கு அதிலிருந்தே விதை எடுத்தால் கதிர் ஒரே சீராக வராது, விளைச்சல் விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் கடையில் வாங்கவேண்டியிருக்கிறது. கம்பெனி கையில் சிக்கியிருக்கிறோம் என்பது உண்மை, ஆனால் சிக்கவைத்தது மரபணு மாற்றம் இல்லை. நம் வேளாண் பல்கலைக்கழகமும் கோ வரிசையில் மக்காச்சோள ஒட்டு ரகங்கள் விட்டிருக்கிறது.

மரபணு மாற்றம் என்றால், வேறு உயிரின் மரபணுவை ஆய்வுக்கூடத்தில் எடுத்துப் பயிருக்குள் நுழைப்பது. பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பேர். அதன் மரபணு ஏறிய செடி, புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்.

ஸ்வீட் கார்ன் இனிப்பது இயற்கையாக வந்த ஒரு மாறுதலால். ரெட் லேடி பப்பாளி ஒட்டு ரகம். மரபணு மாற்றிய பப்பாளி ஹவாய் தீவில் இருக்கிறது, 1998இலிருந்து. நம் தோட்டத்தில் இல்லை.

இந்தியாவுல எதுக்குத்தான் அனுமதி?

வணிக முறையில் பயிரிட பருத்திக்கு மட்டும், 2002இலிருந்து.

கத்தரி கிட்டத்தட்ட வந்துவிட்டது. அதில் கோயம்புத்தூருக்கு நேரடிப் பங்கு உண்டு, இந்தக் கதை நம் ஊரிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மஹிகோ கம்பெனியின் பி.டி. மரபணுவை, அமெரிக்க அரசின் உதவித் திட்டம் ஒன்றின் கீழ், லாலி ரோட்டில் இருக்கும் நம் வேளாண் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டு உள்ளூர்க் கத்தரி ரகங்களில் ஏற்றியது. 2009 அக்டோபரில் ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட இல்லை, நமக்குப் பக்கம் என்றால் பெங்களூரு. 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையின்றி நிறுத்திவைத்தார். இன்றுவரை அப்படியே இருக்கிறது. வங்கதேசம் 2014இலிருந்து பயிரிடுகிறது.

கடுகுக்கு 2022 அக்டோபரில் அந்தக் குழு பரிந்துரை கொடுத்தது. அதை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள்.

மரபணு திருத்தம் என்பது வேறு. அதில் வெளி மரபணு கிடையாது, இருப்பதையே வெட்டித் திருத்துவது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய அரசு அறிவித்தது. பழைய கடுமையான அனுமதி முறையிலிருந்து இந்த வகைக்கு 2022இலேயே விலக்குக் கொடுத்தாகிவிட்டது. பெரிய விவாதம் எதுவும் நடந்த ஞாபகம் இல்லை.

அப்ப நாம மரபணு மாத்துன எதையும் சாப்பிடறதில்லை, அப்படித்தானே?

மாட்டுக்கு என்ன வைக்கிறோம்? பருத்திக்கொட்டை. நாட்டில் விளையும் பருத்தியில் பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. என்றால், ஊறவைத்து ஆட்டுகிற கொட்டை எதுவாக இருக்கும்? பருத்திக்கொட்டை எண்ணெயும் சமையலுக்குப் போகிறது. இறக்குமதியாகும் சோயா எண்ணெயிலும் மரபணு மாற்றிய சோயாவின் எண்ணெய் உண்டு. எண்ணெயில் புரதம் மிஞ்சாது என்பது அனுமதிக்குச் சொல்லும் காரணம்.

2021 ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது கோழித் தொழில்காரர்கள் டெல்லியை நெருக்கினார்கள். மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தது. அரைத்த புண்ணாக்கு முளைக்காது, ஆகவே உயிருள்ள பொருள் இல்லை என்பது வாதம். கம்பெனிக் கோழி வளர்க்கிறவருக்குக் குஞ்சும் தீவனமும் கம்பெனியே இறக்கிவிடும், அவருக்கு வளர்ப்புக் கூலி. தன் கொட்டகையில் அடுக்கியிருக்கும் மூட்டைக்குள் எந்த நாட்டுப் புண்ணாக்கு இருக்கிறது என்று அவரிடம் யார் சொன்னார்கள்? கத்தரிக்கு ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார்கள். இதற்கு ஒரு உத்தரவு போதுமானதாக இருந்தது.

"தீவனத்துக்கு மட்டும்தானே" என்ற பேச்சை நான் முழுசாக நம்புவதில்லை. அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்று மக்காச்சோளம் தீவனத்துக்கு மட்டும் என்றுதான் அனுமதி பெற்றது. கடைசியில் 2000இல் மனிதர்கள் சாப்பிடும் மக்காச்சோள ரொட்டியில் கண்டுபிடித்தார்கள், கடை கடையாகத் திரும்ப வாங்கினார்கள். மண்டியில் இரண்டு குவியலும் ஒன்றாகிவிடும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

சாப்பிட்டா உடம்புக்கு என்ன ஆகும்?

இதுவரை அனுமதி பெற்ற பயிர்களைச் சாப்பிடுவதால், மற்ற உணவைவிட அதிக ஆபத்து இருப்பதாகச் சான்று கிடைக்கவில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் பெரிய அறிக்கை கொடுத்தன. நான் படித்தவரையில் அதை மறுக்கிற உறுதியான சான்றைப் பார்க்கவில்லை. புற்றுநோய் வரும், ஆண்மை போகும் என்ற வீடியோக்களைப் பரப்பாதீர்கள்.

களைக்கொல்லி தாங்கும் ரகங்களில் விஷயம் வேறு. பயிர் சாகாது என்ற தைரியத்தில் கிளைபோசேட்டைத் தாராளமாக அடிப்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வாய்ப்பில்லை என்கிறது. சாப்பிடுகிறவரைவிட, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு டேங்க் தூக்கி அடிக்கிற ஆளுக்குத்தான் எனக்குக் கவலை.

படைப்புழு வந்து காடே போச்சு. பி.டி. மக்காச்சோளம் இருந்திருந்தா தப்பிச்சிருப்போமில்ல?

நியாயமான கேள்வி. 2018இல் கர்நாடகத்தில் தென்பட்ட புழு அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்று, மரத்தூள் மாதிரி எச்சத்தைத் தள்ளும். மருந்தை மேலோட்டமாக அடித்தால் போய்ச் சேராது. கடன் வாங்கிப் போட்டவரிடம் போய் மரபணு எதிர்ப்புப் பேசினால் அடிக்க வருவார்.

சில வருடம் தப்பித்திருக்கலாம். ஆனால் இதே புழு, பி.டி. மக்காச்சோளத்தைத் தின்றும் சாகாமல் இருக்கப் பழகியது 2006 வாக்கிலேயே போர்ட்டோ ரிக்கோவில் தெரிந்துவிட்டது, அப்புறம் பிரேசிலில். நம் பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி.யையும் தாண்டியது, இரட்டை மரபணு ஏற்றிய இரண்டாவதையும் தாண்டியது. விதை விலை மட்டும் இறங்கவில்லையா என்றால், அரசு தலையிட்டபோது இறங்கியது. 2006இல் ஆந்திர அரசு வழக்கு வரைக்கும் போனபின், 1,600 ரூபாய்க்கு மேல் விற்ற 450 கிராம் பாக்கெட் 750க்கு வந்தது.

கம்பெனிங்க நெசமாவே சட்டத்துல கை வைக்குதா, இல்ல சும்மா சொல்றதா?

கையெழுத்தோடு பிடிபட்ட கதைகள் இருக்கின்றன. 1967இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் இதய நோய்க்குக் கொழுப்பைக் குற்றம் சாட்டி, சர்க்கரையை லேசாக விட்டுக் கட்டுரை எழுதினார்கள். அதற்குச் சர்க்கரைத் தொழில் அமைப்பு 6,500 டாலர் கொடுத்தது என்பது 2016இல் பழைய கடிதங்கள் கிடைத்தபோது வெளியே வந்தது. கலிஃபோர்னியாவில் 2012இல் மரபணு மாற்று உணவுக்கு லேபிள் வேண்டுமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். விதைக் கம்பெனிகளும் உணவுக் கம்பெனிகளும் நான்கு கோடி டாலருக்கு மேல் எதிர்ப் பிரச்சாரத்தில் கொட்டின. லேபிள் கேட்ட தரப்பு தோற்றது. அப்புறம் தேசிய அளவில் லேபிள் சட்டம் வந்தபோது, நன்றாகச் சுத்திகரித்து மரபணு அடையாளம் மிஞ்சாத பொருளுக்கு விலக்கு. சிரப்பு அந்த ஓட்டையில் நுழைந்துவிட்டது.

நம் நாட்டில்? சிலி நாடு 2016இலிருந்து சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிஞ்சிய பாக்கெட்டில் கறுப்பு எண்கோண முத்திரை போடச் சொல்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 வரைவில் கொண்டுவந்தது நட்சத்திர மதிப்பீடு. சர்க்கரை கொட்டிய பண்டத்தில் கொஞ்சம் நாரும் பருப்பும் சேர்த்தால் நட்சத்திரம் ஏறும். எச்சரிக்கை கேட்டால் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்கள். பாக்கெட்டில் எச்சரிக்கை முத்திரை கேட்டுப் போட்ட வழக்கில் நிபுணர் குழு வேலையை முடிக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது.

அமெரிக்கா அவங்க மக்காச்சோளத்தை வாங்கச் சொல்லி நெருக்குதாமே?

ஆமாம். 140 கோடிப் பேர் இருக்கும் நாடு எங்களிடம் ஒரு மரக்கால் மக்காச்சோளம்கூட வாங்காதா என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிகச் செயலர் ஹோவர்ட் லட்னிக் பேசினார். அங்கே விளைவதில் பத்துக்கு ஒன்பது மரபணு மாற்றியது.

இங்கே எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதாக நினைக்கவேண்டாம். எத்தனால் ஆலைகள் வாங்க ஆரம்பித்தபின் மக்காச்சோள விலை ஏறியது, குடிமங்கலத்துக்காரருக்கு நிம்மதி, நாமக்கல் பண்ணைக்காரருக்கு முட்டை விலை கட்டுப்படியாகவில்லை. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக இறங்கினால் இது அப்படியே தலைகீழாகும். ஒரே வீட்டில் அண்ணன் மக்காச்சோளமும் தம்பி கோழியும் வைத்திருந்தால் தீபாவளிக்கு இந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது.

நம்மளால என்னங்க பண்ண முடியும்?

புது உணவு விதி எதுவானாலும் முதலில் வரைவு வரும், கருத்துச் சொல்ல நாள் கொடுப்பார்கள். மரபணு மாற்று உணவுக்கு லேபிள் பற்றிய வரைவு 2021 நவம்பரில் இப்படித்தான் வந்தது, ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எழுதவேண்டும் என்று. கம்பெனிகளுக்கு இதைப் படித்துப் பதில் எழுதச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. நம் பக்கம் விவசாயச் சங்கம் இருக்கிறது, பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, கோழி வளர்ப்போர் சங்கம் இருக்கிறது. லெட்டர்பேடில் ஒரு பக்கம் எழுதி, தீவன மூட்டையிலும் எந்த நாட்டுச் சரக்கு, மரபணு மாற்றியதா இல்லையா என்று அச்சடிக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட்டை விட மூட்டையில் இடம் நிறையவே இருக்கிறது.